காத்திருக்கத் தெரிந்த கழகம்



தமிழ் இலக்கிய வட்டத்தின் விழாவில் அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்குரிய விடை குறுந்தொகையில் தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பணியேற்றிருந்த மொழியியலறிஞர் ஒருவர், 1962ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமையன்று, அங்குள்ள ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் சென்றார். அவர் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசியவர். பழந்தமிழை முறையாகக் கற்றவரல்லர். அதனைக் கற்க உதவும் எளிய இலக்கண நூல் ஏதேனும் கிடைக்குமா என்று தேடியே சென்றார். கிடைத்தது வேறொன்று. உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அந்தப் புழுதி படிந்த அடுக்குகளில் இருந்தது. தேடிச் சென்றவர் ஏ.கே. இராமானுசன். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1967இல், குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக வெளியிட்டார். தமிழறியாத உலக வாசகர் பலர் சங்கக் கவிதையை முதன்முதலில் அறிந்தது அந்நூலின் வழியாகவே.

இச்செய்தியைத் தமிழர் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. பெருமிதத்திற்கு அப்பால் எண்ணவேண்டிய ஒன்றும் இதில் உண்டு. படிப்பாரின்றிக் கிடந்த ஒரு நூலை, இடத்தை அடைக்கிறது என்று கழித்துவிடாமல் வைத்திருந்த அமைப்பு எத்தகையது? அதனைக் கட்டியவர் யார்? அதன் உள்ளமைப்பு யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

உடைமையாளர் இல்லாத தனியார் நிறுவனம்

தனியார் பல்கலைக்கழகம் என்றவுடன் ஓர் உடைமையாளரும், அவர் குடும்பமும், அவர்கள் ஈட்டும் வருவாயும் பலர் நினைவுக்கு வரக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தகையதன்று. அஃது அரசுக்கு உரியதன்று. தனி மனிதர் எவருக்கும் உரியதுமன்று. பங்குதாரர் என்று எவரும் இலர். வரவு செலவு போக எஞ்சும் தொகையை எவரும் எடுத்துச் செல்லவியலாது. அது மீண்டும் கல்விக்கே சென்று சேரவேண்டும். அறங்காவலர் குழு அந்த நிறுவனத்தைக் காக்கும் பொறுப்புடையது. அதனைத் தன் உடைமையாகக் கொள்ளும் உரிமை அக்குழுவிற்கு இல்லை.

இத்தகைய நிறுவனங்களுக்கு அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்பு அளித்தது 1819ஆம் ஆண்டின் டார்ட்மத் கல்லூரி வழக்கு. கல்லூரிக்கு வழங்கப்பட்ட பட்டயத்தை மாநில அரசு தன் விருப்பம்போல் மாற்றி, அக்கல்லூரியைத் தன் கைக்குள் கொணர இயலாது என்று நாட்டின் உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கொடையாளர்க்கு நம்பிக்கை தந்தது. கொடுத்த பொருள் கொடுத்த நோக்கத்திற்கே பயன்படும் என்னும் உறுதி இருந்தாலன்றோ பெருங்கொடைகள் வரும்?

சிகாகோ நகரில் 1857இல் இதே பெயரில் தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம் ஒன்று கடன் சுமையால் 1886இல் மூடப்பட்டது. பாப்டிஸ்டு சமயப் பிரிவினர் அதன் இடத்தில் புதியதொன்றை நிறுவ முனைந்தனர். எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் டி. ராக்பெல்லர் 1889இல் 6 இலட்சம் டாலர் தருவதாக உறுதியளித்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: மேலும் 4 இலட்சம் டாலரைப் பிறரிடமிருந்து திரட்டவேண்டும். ஊரார் பங்கு இல்லாத நிறுவனம் ஊரில் வேர் பிடிக்காது என்பதை அந்த வணிகர் உணர்ந்திருந்தார் போலும். தொகை திரண்டது. கடைவணிகத்தில் பெயர்பெற்ற மார்ஷல் பீல்டு நிலம் அளித்தார். 1890இல் பட்டயம் பெறப்பட்டது. 1892 அக்டோபர் 1ஆம் நாள் வகுப்புகள் தொடங்கின.

ராக்பெல்லர் காலப்போக்கில் அளித்த மொத்தக் கொடை ஏறத்தாழ 3.5 கோடி டாலர். இருந்தும் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூடவில்லை; ஊரின் பெயரையே கொண்டது. 1910இல் இறுதிக் கொடையாக 1 கோடி டாலர் அளித்து, இனி இந்நிறுவனம் மக்களின் ஆதரவில் வளரட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். வளாகத்திலுள்ள வழிபாட்டுக் கூடத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது அவர் மறைந்த 1937ஆம் ஆண்டில்தான். கொடுப்பதினும் கொடுத்தபின் ஒதுங்கி நிற்பது அரிது.

ஹார்ப்பர் வகுத்த திட்டம்

பொருள் தந்தவர் ராக்பெல்லர் எனில், உருவம் தந்தவர் முதல் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எபிரேய மொழி அறிஞராகிய அவர் பதினெட்டாம் வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய நூல்களின் மொழியைக் கற்பித்த ஒருவர், நாட்டிலேயே புதுமையான பல்கலைக்கழகத்தைத் திட்டமிட்டார் என்பது எண்ணத்தக்கது.

ஆண்டை நான்கு காலாண்டுகளாக அவர் பகுத்தார். கோடையிலும் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் ஒருவர் மூன்று காலாண்டு கற்பித்து, நான்காவதில் தம் ஆராய்ச்சியைக் கவனிக்கலாம். ஊர்ப்புறப் பள்ளியாசிரியர்கள் தம் கோடை விடுமுறையில் வந்து பயிலலாம். பெண்களும் தொடக்கம் முதலே சேர்க்கப்பட்டனர். நேரில் வர இயலாதார்க்கு அஞ்சல் வழிக் கல்வியும் வைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகப் பதிப்பகமும் தொடக்கத்திலேயே அமைந்தது. ஆராய்ச்சி செய்தவர் அதனை வெளியிடவும் வழி வேண்டும் என்பது ஹார்ப்பரின் கருத்து.

அமெரிக்காவின் முதல் சமூகவியல் துறை 1892இல் இங்கே தொடங்கப்பட்டது. இயற்பியல் துறைக்குத் தலைவராக அழைத்து வரப்பட்டவர் ஆல்பர்ட் மைக்கல்சன். ஒளியின் வேகத்தை அளந்த இவர் 1907இல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் இவரே. பட்டயத்தின்படி அறங்காவலருள் மூன்றில் இருபங்கினரும் தலைவரும் பாப்டிஸ்டு சமயத்தினராக இருத்தல் வேண்டும் என்ற விதி அன்று இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சமயத் தகுதி தொடக்கத்திலிருந்தே வேண்டப்படவில்லை.

புலங்களும் துறைகளும் குழுக்களும்

1929இல் முப்பதாம் வயதில் தலைவரான இராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ், அடுத்த ஆண்டிலேயே கல்வி அமைப்பை மாற்றினார். தனித்தனியே நின்ற துறைகள் நான்கு புலங்களுக்குள் கொணரப்பட்டன: உயிரியற் புலம், இயற்பியல் அறிவியற் புலம், சமூக அறிவியற் புலம், மானிடக் கலைப் புலம். இளநிலை மாணவர்க்கென்று கல்லூரி ஒன்று தனியே அமைந்தது. சட்டம், வணிகம், இறையியல், சமூகப்பணி முதலியவற்றைக் கற்பிக்கும் தொழிற்கல்விப் பள்ளிகள் இவற்றோடு இணைந்து நின்றன. பல பிற்காலச் சேர்க்கைகளுக்குப் பின்னும் இவ்வமைப்பின் அடிப்படை மாறவில்லை. மருத்துவப் பள்ளி தனித்து நில்லாமல் உயிரியற் புலத்தின் உள்ளேயே இருத்தல் இதன் சிறப்புகளுள் ஒன்று. மருத்துவமும் அடிப்படை உயிரியலும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டும் என்பதே அதன் பொருள்.

துறை என்பது வேலியிட்ட வயல் போன்றது. வேலி இன்றேல் பயிர் காக்கப்படாது. வேலி உயர்ந்துவிட்டாலோ அடுத்த வயலில் விளைவது யாதெனத் தெரியாது. இச்சிக்கலுக்குச் சிகாகோ கண்ட தீர்வு, துறைகளுக்குக் குறுக்கே செல்லும் குழுக்கள். இவை கூடிக் கலையும் கூட்டங்கள் அல்ல. மாணவரைச் சேர்த்து முனைவர் பட்டம் வழங்கத் துணைநிற்கும் நிலையான அமைப்புகள். அவற்றுள் புகழ்பெற்றது 1941இல் தோன்றிய சமூகச் சிந்தனைக் குழு. பொருளியல் வரலாற்றறிஞர் ஜான் நெஃப், மானிடவியலறிஞர் இராபர்ட் ரெட்பீல்டு, பொருளியலறிஞர் பிராங்க் நைட் ஆகியோர் ஹட்சின்ஸுடன் சேர்ந்து அதனை நிறுவினர். பிற்காலத்தில் மெய்யியலறிஞர் ஹன்னா ஆரென்ட்டும், நாவலாசிரியர் சால் பெல்லோவும் அக்குழுவில் இருந்தனர். மொழியியல், தெற்காசிய மொழிகள் ஆகிய துறைகளில் பணியாற்றிய இராமானுசனும் அதில் இடம்பெற்றார். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், மொழியியலார், நாட்டுப்புறவியலார் என்று நான்கு முகம் கொண்ட ஒருவரை ஒரே துறைக்குள் அடைக்க இயலாது. அவருக்கு இடம் தரும் வகையில் அந்த வீடு கட்டப்பட்டிருந்தது.

ஆட்சியிலும் ஒரு சமன்பாடு உண்டு. பொருளையும் சொத்தையும் அறங்காவலர் காப்பர். தலைவரும், அவருக்கு அடுத்த நிலையில் கல்விப் பணிகளையும் வரவு செலவையும் நோக்கும் புரவோஸ்ட் என்னும் அலுவலரும் நிருவாகம் நடத்துவர். கல்வி தொடர்பான அதிகாரம் ஆசிரியர் அவைக்கு உரியது. இச்சமன்பாடு எளிதில் அமையவில்லை. ஹட்சின்ஸின் அதிகாரப் போக்கை எதிர்த்து 1944இல் பேராசிரியர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அறங்காவலர்க்கு விண்ணப்பம் எழுதினர். அப்போராட்டத்தின் விளைவாக, ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் 51 உறுப்பினர் கொண்ட மன்றம் உருவாயிற்று. பெரிய தலைவர்க்கும் எல்லை வேண்டும் என்பதை அந்நிறுவனம் தன்னுள்ளிருந்தே கற்றுக்கொண்டது.

இருவர் பயின்ற வகுப்பு

இவ்வமைப்பின் வலிமையையும் அதனுள் இருந்த கறையையும் ஒருங்கே காட்டுவது சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் உயர்ந்து, விண்மீன்களின் இறுதி நிலை பற்றிய தம் கொள்கைக்காக எடிங்டனின் ஏளனத்தைத் தாங்கிய அவர், 1937இல் சிகாகோவின் ஆசிரியராக யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்திற்கு வந்தார். அவருடைய நிறத்தைக் காரணமாகக் கொண்டு, அவர் நகர வளாகத்தில் வகுப்பெடுப்பதை அன்றைய புலமுதல்வர் ஒருவர் எதிர்த்தார். செய்தி ஹட்சின்ஸிடம் சென்றது. சந்திரசேகர் கற்பிக்கவே வேண்டும் என்று அவர் முடிவு கூறினார்.

யெர்க்ஸ் வானாய்வுக்கூடம் நகரிலிருந்து எண்பது மைலுக்கும் அப்பால், விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ளது. அங்கிருந்து பனிக்காலத்திலும் வண்டியோட்டி வந்து அவர் வகுப்பெடுத்தார். 1940களில் அவ்வாறு வந்து நடத்திய ஒரு வகுப்பில் இரு மாணவரே இருந்தனர் என்பர். அவர்கள் சீனத்திலிருந்து வந்த லீயும் யாங்கும். 1957இல் அவ்விருவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அவர்களுடைய ஆசிரியர் அப்பரிசைப் பெற்றது 1983இல்.

இருவர்க்காக ஒரு பேராசிரியர் அத்தனை தொலைவு வருவது வீண்செலவு என்று கணக்கர் ஒருவர் அன்று குறித்திருந்தால் அதனை மறுப்பது கடினம். அக்கணக்கில் பிழை இராது. ஆனால் அவ்வகுப்பின் பயன் அவ்வாண்டின் ஏட்டில் எழுதக்கூடியதாக இல்லை. சந்திரசேகரோ பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரு துறையை ஆராய்ந்து முடித்து, பெருநூல் ஒன்று எழுதி, புதிய துறைக்குப் பெயர்ந்தவர். 1995இல் மறையும்வரை அப்பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். வானியல் துறையும் இயற்பியல் துறையும் அவரைத் தம்மவராகக் கொண்டன. துறைவிட்டுத் துறை செல்வோரைச் சந்தேகிக்காத அமைப்பில்தான் அவ்வாழ்வு இயலும்.

தமிழ் சென்ற வழி

தமிழ் அங்கே சென்று சேர்ந்ததும் இவ்வாறே, பல வழிகள் ஒன்றுகூடியதனால். இரெட்பீல்டும் மில்ட்டன் சிங்கரும் நாகரிகங்களை ஒப்பிட்டு ஆராயும் பணியைத் தொடங்கினர். மெய்யியல் பயின்று மானிடவியலுக்கு வந்த சிங்கர், 1950களில் சென்னையில் தங்கி, பழைய மரபு புதிய நகரவாழ்வில் எவ்வாறு மாறி வாழ்கிறது என்று ஆராய்ந்தார். அவருடைய நூல் 1972இல் வெளிவந்தது. ருசியாவின் போட்டியால் அஞ்சிய அமெரிக்க அரசு, 1958இல் இயற்றிய சட்டத்தின் வழியாக அயல்மொழிக் கல்விக்குப் பொருள் அளித்தது. பி.எல். 480 கோதுமைக்கு இந்தியா செலுத்திய ரூபாயைக் கொண்டு, 1962 முதல் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்குச் சென்றன. தமிழ்நாட்டில் பசி தீர்த்த கோதுமை, கடலுக்கு அப்பால் தமிழ் நூலாக அடுக்கில் ஏறியது. 1960களின் நடுப்பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கும் நாகரிகங்களுக்கும் தனித்துறை அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பின்னாளில் கணினி வழியாக உலகெங்கும் பயன்படுத்தும் வடிவில் அங்கிருந்தே வெளியாயிற்று.

இவ்வரிசையில் தமிழர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர், வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு விளம்பரங்களையும் சேர்த்தார். பிறர் குப்பை என்று எறிந்தவை அவர் வீட்டில் வரலாறாக அடுக்கப்பட்டன. 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறிப்போகும் நிலை உண்டாயிற்று. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியது. வாங்கிய பொருளைக் கப்பலேற்றிக் கொண்டு செல்லாமல் சென்னையிலேயே வைத்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமையச் செய்தது. தமிழ் நூல் தமிழ் மண்ணில் இருத்தலே முறை என்று அவர்கள் கருதியது போற்றுதற்குரியது. ஆயினும் அதனைக் காக்கும் எண்ணமும் பொருளும் அத்தனை தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது ஏன் என்னும் வினா தமிழர் நெஞ்சில் தைக்க வேண்டும்.

குறைகளும் சோதனைகளும்

புகழ்ச்சி மட்டும் கூறினால் உரை நேர்மையுடையதாகாது. 1895இல் எட்வர்டு பெமிஸ் என்னும் பொருளியலாசிரியர் பணியிழந்தார். முந்திய ஆண்டின் இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அவர் இரயில் நிறுவனங்களைக் குறைகூறிப் பேசியதே காரணம் என்று பலர் நம்பினர். பல்கலைக்கழகம் அதனை மறுத்தது. 1935இல் மருந்துக்கடை முதலாளி சார்லஸ் வால்கிரீன், அங்கே பொதுவுடைமை கற்பிக்கப்படுகிறது என்று குற்றஞ்சாட்டித் தம் உறவுப் பெண்ணைப் படிப்பிலிருந்து விலக்கிக்கொண்டார். மாநிலச் சட்டமன்றம் விசாரணை நடத்தியது. ஹட்சின்ஸ் தம் ஆசிரியரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் அதே வால்கிரீன் 5.5 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். முதல் நிகழ்ச்சியில் ஐயத்திற்கு இடம் தந்த நிறுவனம், இரண்டாவதில் உறுதியாக நின்றது.

வேறொரு கறை எளிதில் நீங்காதது. கறுப்பின மக்கள் தன்னைச் சூழ்ந்த பகுதிகளில் வீடு வாங்காவண்ணம் தடுத்த ஒப்பந்தங்களுக்கு 1930களிலும் 1940களிலும் இப்பல்கலைக்கழகம் துணைநின்றது. அறிவின் வேலிகளைத் தாழ்த்தியவர்கள் தெருவின் வேலிகளை உயர்த்தினர். இலாபம் கருதாமை ஒன்றே ஒரு நிறுவனத்தை அறமுடையதாக்கிவிடாது என்பதற்கு இது சான்று. இலாபம் கருதாத நிறுவனத்தில் கட்டணம் குறைவாக இருக்கும் என்று எண்ணுதலும் பொருந்தாது. சிகாகோவில் கட்டணம் மிக உயர்ந்தது. வறிய மாணவர் அங்கே பயில்வது உதவித்தொகையால்தான்.

அண்மைச் சோதனை 2025இல் வந்தது. பற்றாக்குறையும் கடன் சுமையும் அழுத்த, மானிடக் கலைப் புலத்தின் பல துறைகளில் அடுத்த கல்வியாண்டிற்கு முனைவர் பட்ட மாணவரைச் சேர்ப்பதில்லை என்று அறிவிக்கப்பட்டது. சிறு துறைகளை ஒன்றாக இணைக்கலாமா, குறைந்த எண்ணிக்கையினர் பயிலும் மொழிகளை எவ்வாறு கற்பிப்பது என்று குழுக்கள் ஆராய்ந்தன. ஆசிரியர் பலர் எதிர்த்து எழுதினர். நிதிநெருக்கடி பொய்யன்று; பழைய சிகாகோ பல்கலைக்கழகமே கடனால் மூடப்பட்டதுதான். ஆனால் மாணவர் தலையை எண்ணிக் கதவடைக்கத் தொடங்கினால், முதலில் அடைபடுவது இருவர் பயிலும் வகுப்பும், ஒருவரும் தேடாத நூல் இருக்கும் நிலவறையுமே. ஓராண்டு மாணவர் சேராத துறையை மறு ஆண்டு திறந்துவிடலாம் என்பது தோற்றத்தில் எளிது. கற்பிப்பவரும் கற்பவரும் தொடர்ந்து இருந்தாலன்றி ஒரு மொழிப் புலமை நிலைக்காது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இராது.

வட்டமும் கழகமும்

ஒரு சிறிய இலக்கிய வட்டத்தையும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தையும் ஒப்பிடுதல் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டிற்கும் பொதுவானவை உண்டு. இரண்டிற்கும் உடைமையாளர் இல்லை. இரண்டிலும் எஞ்சும் பொருளை வீட்டிற்கு எடுத்துச் செல்வார் இலர். மழைநாளில் நால்வர் மட்டுமே வந்திருந்தாலும் கூட்டம் நடந்தாக வேண்டும் என்று நினைப்பவர் இருக்கும்வரைதான் வட்டம் வாழும். இருவர்க்காக எண்பது மைல் வந்தவரின் மனமும் அத்தகையதே.

உ.வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து பதிப்பித்த நூல்களுள் ஒன்று, அவர் காணாத நாட்டில், அவர் அறியாத ஒருவருக்காகக் காத்திருந்தது. அதனைக் காத்திருக்கச் செய்தவர்கள் தமிழறிந்தவரல்லர். அறிவு எம்மொழியில் இருப்பினும் காக்கத்தக்கது என்று மட்டுமே அறிந்திருந்தனர். தமிழகத்தின் ஊர் நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் எவரும் தொடாத அடுக்குகள் பல உள்ளன. அவற்றை எடைக்குப் போடும் நாள் வரும்போது தடுத்து நிற்க ஒருவரேனும் வேண்டும். அத்தகையோரை உருவாக்குவது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணியாக அமையுமாக.